ஆராதனைத் திடலில் சூப்பர் மார்க்கெட் கடை வரலாமா, கூடாதா?

வெண்ணாற்றங்கரையான்:
தியாகராஜ சுவாமிகள் நினைவாக நடக்கும் திருவையாற்று ஆராதனைக்கு வருடம் தவறாமல் போகிறவர்களிடம் ஒரு கேள்வி. இங்கிலாந்தில் கிளாஸ்டன்பரி இசை விழா என்று ஒன்று நடக்கிறது, ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் கூடுவார்கள். 2019-ல் அந்தத் திடலுக்குள்ளேயே கோ-ஆப் என்ற சூப்பர் மார்க்கெட் விழா நாள்களுக்கு மட்டும் ஒரு தற்காலிகக் கடை திறந்தது. அதற்கு முந்தைய வருடமே டவுன்லோட், லாட்டிட்யூட், ரெடிங், லீட்ஸ் விழாக்களிலும் அதே நிறுவனம் கடை போட்டிருக்கிறது. நம் ஊரில் அப்படி ஒன்று வந்தால் என்ன?

சும்மா கேட்கவில்லை. இந்த முறை அம்மாவை அழைத்துப் போயிருந்தேன், வயது 74, சர்க்கரை உண்டு. இரவுக் கச்சேரி முடியும் நேரத்தில் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் தண்ணீரும் வாங்க ஓடினேன். திறந்திருந்த ஒரே கடையில் 20 ரூபாய் பாட்டிலுக்கு 30 கேட்டார்கள், பிஸ்கட் தீர்ந்துவிட்டது என்றார்கள், கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி தன் பையிலிருந்து கற்கண்டு எடுத்துக் கொடுத்துத்தான் அம்மா தெளிந்தார். அச்சிட்ட விலைக்கு, பில் போட்டு, இரவு வரை திறந்திருக்கும் ஒரு நல்ல கடை பந்தலுக்கு அருகில் இருப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?

மளிகைக்கடை மகன்:
அண்ணே, அம்மா நலமாக இருக்கிறார்களா, முதலில் அதைச் சொல்லுங்கள். யாருக்கு நஷ்டம் என்று கேட்டீர்கள், எங்களுக்குத்தான். எங்கள் அப்பா கடைத்தெருவில் முப்பது வருடமாகச் சின்ன மளிகை வைத்திருக்கிறார். ஆடிப்பெருக்கு, ஏழூர்ப் பல்லக்கு, தை அமாவாசை, ஆராதனை, இந்த நாள்களில் நடக்கும் வியாபாரத்தை நம்பித்தான் மற்ற மாதங்களின் கடனை அடைக்கிறோம். எங்களையாவது விடுங்கள். தரையில் சாக்கு விரித்து வெற்றிலை, கொய்யா, பொரி விற்கும் அக்காக்கள் தண்டல்காரரிடம் 8,500 வாங்கிக்கொண்டு தினம் 100 வீதம் நூறு நாள் கட்டுகிறார்கள். அந்தப் பணத்தில் சரக்கு எடுத்து உட்கார்ந்திருப்பவருக்கு எதிரே ஏசி போட்ட கொட்டகை நின்றால் அவர் அந்த வருடம் எழுந்திருக்கவே முடியாது.

அரசலாறு:
நான் கும்பகோணத்திலிருந்து வருகிறேன். தம்பி சொல்வது மனதைத் தொடுகிறது, ஆனால் பெண்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தையும் பாடும் நாளன்று விடியற்காலை பஸ் ஏறி வந்து, முன்னால் இடம் பிடித்து, எழுந்தால் இடம் போய்விடும் என்று மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறோம். மூன்று வருடம் முன்பு எனக்கு நாப்கின் தேவைப்பட்டது. இரண்டு மருந்துக்கடைக்கு நடந்தேன், ஒன்று பூட்டியிருந்தது, மற்றதில் ஒரே கூட்டம், ஆண்கள் நடுவில் நின்று கேட்டு வாங்கித் திரும்புவதற்குள் ஸ்ரீராகக் கீர்த்தனையே முடிந்துவிட்டது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி நான்கையும் கேட்டுவிட்டு 'எந்தரோ மகானுபாவுலு' பாடும்போது தெருவில் நின்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

இன்றைக்கு நாமெல்லாம் போய் உட்காரும் இடம் யார் எழுப்பியது? பெங்களூரு நாகரத்தினம்மாள். கையிலிருந்த சேமிப்பைப் போட்டு, நிலம் வாங்கி, 1920-களில் தியாகராஜரின் சமாதிக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் செய்தார். அப்போது ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை என்பதால் தனியாகப் பெண்கள் கச்சேரியே தொடங்கினார். அந்த அம்மாள் வாங்கிக் கொடுத்த இடத்தில் ஒரு பெண்ணுக்கு வேண்டிய பொருள் கிடைக்கவில்லை என்றால் அது சின்ன விஷயம் இல்லை. யார் விற்றாலும் சரி, எனக்கு அது கிடைக்க வேண்டும்.

தம்புராக்காரர்:
அம்மா, உங்கள் கடைசி வரியோடு மட்டும் நான் ஒத்துப்போகவில்லை. யார் விற்கிறார்கள் என்பதும் முக்கியம்தான். தியாகராஜ சுவாமிகள் உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்தவர். தெருவில் பாடிக்கொண்டு போய், விழுந்த அரிசியை வீட்டுக்குக் கொண்டுவந்து, சீடர்களுக்கும் சேர்த்துச் சோறு போட்டவர். இன்றும் ஆராதனை நாளில் திருமஞ்சன வீதியிலிருந்து உஞ்சவிருத்தி புறப்பட்டுத்தான் சமாதிக்கு வருகிறது. அது வரும் வழியில் ஒரு நிறுவனத்தின் பெயர்ப் பலகை வெளிச்சம் போட்டு நின்றால் என் மனம் ஏற்காது. முதல் வருடம் தண்ணீர் விற்பார்கள், அடுத்த வருடம் பந்தலுக்கே அவர்கள் பெயர் வரும். அப்புறம் மேடைக்குப் பின்னால் இருக்கும் துணியிலும் வரும். சென்னை சபாக்களில் மார்கழி முழுக்க அதைத்தான் பார்க்கிறோம், திருவையாறு ஒன்றாவது மிஞ்சட்டும்.

பிரிஸ்டல் தஞ்சாவூரான்:
நான் தஞ்சாவூர்க்காரன், இப்போது இருப்பது பிரிஸ்டலில், கிளாஸ்டன்பரி விழா நடக்கும் இடம் இங்கிருந்து காரில் போகிற தூரம்தான். இரண்டு முறை போயிருக்கிறேன், அதனால் சொல்கிறேன், இரண்டு விழாக்களையும் ஒப்பிடவே முடியாது. அது நடப்பது ஒரு பால் பண்ணையில், சுற்றிலும் புல்வெளி. வருகிறவர்கள் கூடாரம் அடித்து ஐந்து நாள் அங்கேயே தங்குகிறார்கள். காரை எங்கோ நிறுத்திவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், மழை பெய்தால் முழங்கால் சேறு. பல்பசை தீர்ந்தால் வெளியே போய் வாங்கி வருவது அரை நாள் வேலை. அங்கே கடை வைப்பதில் அர்த்தம் இருக்கிறது. திருவையாற்றில் சமாதியிலிருந்து நடந்தால் கடைத்தெரு, பஸ் ஏறினால் 13 கிலோமீட்டரில் தஞ்சாவூர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே 2019-ல் டிக்கெட் 248 பவுண்டு. விழாவே பணம் கட்டி நுழையும் இடம், அதனால் உள்ளே ஒரு வியாபாரம் கூடினாலும் யாரும் பெரிதாக நினைக்க மாட்டார்கள். இங்கே யாரும் டிக்கெட் கேட்பதில்லை, கீற்றுப் பந்தலில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். ஆனால் கிளாஸ்டன்பரியும் 1970-ல் தொடங்கியபோது இப்படி இல்லை, ஒரு பவுண்டு கட்டணம், வந்தவர்களுக்குப் பண்ணைப் பால் இலவசம். இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர் நீர்மோர்ப் பந்தல்தான் நினைவுக்கு வந்தது.

கேள்வி கேட்டவர் விட்டுவிட்ட ஒரு விஷயமும் உண்டு. கோ-ஆப் என்பது உறுப்பினர்களுக்குச் சொந்தமான கூட்டுறவு. தனி முதலாளி கிடையாது. இங்கிலாந்தின் கூட்டுறவு இயக்கம் 1844-ல் ராச்டேல் நெசவாளர் ஊரில் ஒரு சின்னக் கடையோடு வேர்விட்டது. அந்தக் கதையைத் திருவையாற்றுக்குக் கொண்டுவந்தால் தனியார் சூப்பர் மார்க்கெட் வந்து நிற்பது பொருந்தாது, நம் கூட்டுறவு பண்டகசாலை வந்து நிற்பதுதான் பொருத்தம்.

வெண்ணாற்றங்கரையான்:
அம்மா நலம் தம்பி, கேட்டதற்கு நன்றி. பிரிஸ்டல் அண்ணா, கூட்டுறவு என்பதை நான் கவனிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைத்தெரு பக்கத்தில்தான் இருக்கிறது என்பது உங்களுக்கும் எனக்கும் சரி. 74 வயது அம்மாவைத் தனியே உட்கார வைத்துவிட்டு அந்தக் கூட்டத்தில் நான் போய்த் திரும்ப நாற்பது நிமிடம் ஆனது. முதியவர்களுக்கு 200 மீட்டர் என்பதும் தூரம்தான். தம்புராக்காரர் ஐயா, உங்கள் பயம் நியாயமானது, ஆனால் பெயர்ப் பலகையே இல்லாமல் கடை வைக்கச் சொல்லலாமே?

மளிகைக்கடை மகன்:
பலகை இல்லாமல் எந்த நிறுவனம் அண்ணே வரும்? ஐந்து நாள் பால் பாக்கெட் விற்ற லாபத்துக்காகவா வருகிறார்கள்? தொலைக்காட்சியில் ஆராதனை காட்டும்போது ஓரத்தில் தங்கள் பெயர் தெரியத்தான் வருவார்கள்.

பந்தல் கொட்டகை:
வணக்கம். பந்தல் வேலை எங்கள் குடும்பத் தொழில், கல்யாணம் முதல் கோயில் திருவிழா வரை. யாரும் பேசாத ஒன்றை நான் பேசுகிறேன். சூப்பர் மார்க்கெட் என்றால் குளிர்பெட்டி, பிரீசர், கணினி, விளக்கு. அதற்கு மூன்று பேஸ் மின்சாரம், மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு, மின்தடைக்கு ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு டீசல். இவ்வளவும் கீற்றுப் பந்தலுக்கு ஒட்டி வரும். 1997-ல் பெரிய கோயில் கும்பாபிஷேகத்தின்போது யாகசாலைப் பந்தலில் பிடித்த தீயை எங்கள் தஞ்சாவூர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். எங்கள் பெரியப்பா அன்றிலிருந்து கீற்றுப் பந்தலுக்குள் அடுப்போ ஜெனரேட்டரோ வைக்கச் சொன்னால் அந்த வேலையை எடுக்கவே மாட்டார்.

கடை வரட்டும், வராமல் போகட்டும், எது வந்தாலும் தகரக் கூரை, பந்தலிலிருந்து நல்ல இடைவெளி, தீயணைப்பு வண்டி நுழையும் பாதை, இது மூன்றும் இல்லாமல் ஒரு மூங்கில்கூட நடக்கூடாது. ஜெனரேட்டர் சத்தத்தில் தம்புரா சுருதி கேட்காது என்பதையும் தம்புராக்காரர் ஐயாவுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

மன்னார்குடி வக்கீல்:
சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். பாக்கெட்டில் அடைத்த பொருளை அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் கடைக்காரர் விற்கக்கூடாது, சட்டமுறை எடையளவு விதிகள் 2011-லேயே இருக்கிறது. 20 ரூபாய் பாட்டிலுக்கு 30 வாங்கியவர் மீது தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம். இதற்குப் புதுக் கடை தேவையில்லை, ஐந்து நாளும் ஒரு ஆய்வாளர் சுற்றி வந்தால் போதும்.

அடுத்து, தரைக்கடைக்காரர்கள். 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களைப் பாதுகாக்கிறது. வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் வழிவழியாகக் கூடும் இடத்தை அந்தச் சட்டம் 'இயற்கைச் சந்தை' என்கிறது. அதை உள்ளாட்சிக்குப் பரிந்துரைக்கும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். எனவே ஒரு பெரிய நிறுவனத்துக்கு இடம் ஒதுக்கி, பல வருடமாக உட்கார்ந்திருப்பவர்களை எழுப்பினால் அவர்கள் கேள்வி கேட்கலாம். மளிகைக்கடை மகன், உங்கள் பகுதியில் அவர்களுக்கெல்லாம் அடையாள அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இப்போதே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், விழாவுக்கு ஒரு வாரம் முன்பு ஓடிப் பயனில்லை.

மளிகைக்கடை மகன்:
பாதிப் பேரிடம் இல்லை சார். நாளைக்கே கேட்டு எழுதி வைக்கிறேன். 30 ரூபாய்க்கு விற்றது தப்புதான், அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். அப்படி விற்கிறவர்களால்தான் எங்கள் எல்லோருக்கும் கெட்ட பெயர்.

அரசலாறு:
பிளாஸ்டிக்கை யாரும் சொல்லவில்லையே! 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பலவகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை, 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கமும் வந்தது. ஆனாலும் ஆராதனைக்கு மறுநாள் காவிரிப் படித்துறையில் போய்ப் பாருங்கள், காலி பாட்டில், பிஸ்கட் உறை, கப். சூப்பர் மார்க்கெட் வந்தால் இது இரட்டிப்பாகும் என்பது என் பயம், ஏனென்றால் அங்கே எல்லாமே உறையில்தான் வரும். என் முதல் பதிவில் யார் விற்றாலும் சரி என்றேன், அதைத் திரும்பப் பெறுகிறேன்.

பிரிஸ்டல் தஞ்சாவூரான்:
அக்கா சொன்னது நினைவூட்டியது. அதே 2019-ல் கிளாஸ்டன்பரி திடலில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரோ பானமோ விற்கக்கூடாது என்று தடை போட்டார்கள். குழாய்களில் பிடித்துக் குடிக்க வேண்டும், பாட்டிலை நாமே கொண்டுபோக வேண்டும். அந்த ஒன்றை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

தம்புராக்காரர்:
ஒரு யோசனை சொல்கிறேன், சரியா தப்பா என்று நீங்களே சொல்லுங்கள். திருமழபாடியில் நடந்த நந்தியெம்பெருமான் கல்யாணத்துக்குச் சோறு சோற்றுத்துறையிலிருந்தும், பழம் பழனத்திலிருந்தும், பூ பூந்துருத்தியிலிருந்தும், நெய் நெய்த்தானத்திலிருந்தும், வேதியர்கள் வேதிகுடியிலிருந்தும் வந்ததாகத்தான் நம் ஊர்க் கதை. அதற்கு நன்றி சொல்லத்தான் ஐயாறப்பர் ஏழூருக்கும் பல்லக்கில் போகிறார். ஒரு விழா வந்தால் சுற்றியுள்ள ஊர்கள் ஆளுக்கொன்று கொண்டுவந்து நிறைவேற்றுவது நமக்குப் புதிதில்லை. இந்த ஊர்களில் இருக்கும் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ஆராதனைத் திடலில் ஆளுக்கொரு கடை கொடுத்தால் என்ன? ஒன்றில் தயிர்சாதம், இட்லி. ஒன்றில் வாழைப்பழம், கொய்யா. ஒன்றில் கும்பகோணத்து அம்மா கேட்ட நாப்கின் போன்ற பொருள்கள், அங்கே விற்பவர்களும் பெண்களாகவே இருக்கட்டும். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்தையும் தஞ்சாவூர் வீணையையும் செய்கிறவர்களுக்கு ஒரு மேசை போட்டுக் கொடுங்கள். வருகிற குழந்தைகள் பலாக்கட்டையை எப்படிக் குடைகிறார்கள் என்று கண்ணால் பார்க்கட்டும்.

மளிகைக்கடை மகன்:
ஐயா, இதற்கு எங்கள் கடைத்தெருவில் யாரும் எதிர்ப்புச் சொல்ல மாட்டார்கள். பிஸ்கட், பால், சோப்பு போன்றவற்றை நாங்களே குழுக்களுக்கு மொத்த விலையில் கொடுப்போம், மீந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வோம். அப்படியென்றால் அவர்கள் தண்டலுக்கு வாங்க வேண்டியதில்லை.

வெண்ணாற்றங்கரையான்:
யோசனை நன்றாக இருக்கிறது ஐயா, ஆனால் நான் இன்னும் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. நல்ல மனதோடு தொடங்கிய கடை இரவு எட்டு மணிக்கு மூடிவிட்டால் என் அம்மாவுக்கு அன்று நடந்ததுதான் மறுபடியும் நடக்கும். கிராமத்துப் பெண்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கடைசிக் கச்சேரி முடியும் வரை யார் திறந்து வைப்பது?

அரசலாறு:
கும்பகோணத்திலிருந்து என்னோடு வருகிறவர்கள் ஆறு பேர். எல்லோரும் எப்படியும் கடைசி வரை இருப்போம். இரவு எட்டு மணிக்குப் பிறகு முறை போட்டு நாங்கள் உட்காருகிறோம். வெண்ணாற்றங்கரை தம்பி, நீங்களும் ஒரு நாள் வாருங்கள், அம்மாவைக் கடைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார வைப்போம், பாட்டு அங்கேயும் கேட்கும்.

வெண்ணாற்றங்கரையான்:
வருகிறேன் அக்கா. பஞ்சரத்தினம் பாடும் பஞ்சமிக்கு முதல் நாள் இரவு என் முறை என்று எழுதிக்கொள்ளுங்கள்.