தாத்தாவின் பழைய ஒமேகா: கேஸை பாலிஷ் போடலாமா?

காட்பாடிக்காரன்:

வணக்கம். ஆவணியில் எனக்குக் கல்யாணம். போன வாரம் நைனா பீரோவைத் திறந்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்த தாத்தாவின் வாட்சை எடுத்துக் கொடுத்து, முகூர்த்தத்துக்கு இதைத்தான் கட்டணும் என்று சொல்லிவிட்டார். ஒமேகா கான்ஸ்டலேஷன், ஆட்டோமேட்டிக், தேதி காட்டும். தாத்தா ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் கணக்குப்பிள்ளையாக இருந்தார், முதலாளி 60களில் வெளிநாடு போய் வந்தபோது வாங்கி வந்து கொடுத்தாராம். கையில் ஆட்டினால் இன்னும் ஓடுகிறது, அதுவே எனக்கு ஆச்சரியம்.

பிரச்சனை கேஸ்தான், அதாவது வாட்சின் வெளிக்கூடு. தங்க நிறம், ஆனால் மங்கிப்போய்க் கிடக்கிறது. ஸ்ட்ராப் மாட்டும் லக் பக்கமெல்லாம் பச்சையாக ஏதோ படிந்திருக்கிறது, பின்மூடியைச் சுற்றிக் கறுப்பு, கண்ணாடி முழுக்கக் கீறல். வேலூர் லாங் பஜாரில் ஒரு கடையில் காட்டினேன். "உள்ளே ஓடுற மிஷினைக் கழட்டக்கூட வேண்டாம் தம்பி, அரை மணி நேரம் உட்காருங்க, பஃப் அடிச்சுக் கண்ணாடி மாதிரி ஆக்கிடறேன், 600 ரூபா" என்றார். கொடுத்துவிடலாம் என்று கையை நீட்டினேன், என்னவோ தோன்றி நாளைக்கு வருகிறேன் என்று வந்துவிட்டேன். கொடுக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டறைக்காரன்:

தம்பி, நான் வாட்ச் ஆள் கிடையாது, நகைப் பட்டறையில் இருபது வருஷத்துக்கு மேல் பாலிஷ் போடுகிறவன். அதனால் பஃப் பற்றி மட்டும் சொல்கிறேன். பஃப் என்றால் ஏதோ மேலே ஒரு பளபளப்பைப் பூசுகிறார்கள் என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். ஒன்றும் பூசுவதில்லை, தேய்ப்பதுதான். பஞ்சுச் சக்கரத்தில் ரூஜ் என்ற தேய்ப்புப் பசைக் கட்டியைத் தடவி, சுற்றும்போது உலோகத்தை அதில் அழுத்துகிறோம். சக்கரத்தில் கறுப்பாக ஒட்டுகிறதே, அதில் உன் உலோகமும் கலந்திருக்கிறது. எங்கள் பட்டறையில் சாயங்காலம் தரையைக் கூட்டினால் அந்தக் குப்பையைக்கூடக் கொட்ட மாட்டோம், பட்டறை மண் என்று விலைக்கு வாங்கிப்போய் உருக்கித் தங்கம் பிரித்தெடுக்க ஆள் இருக்கிறது. எவ்வளவு போகிறது என்று இதிலேயே புரிந்துகொள். நகையில் சேதாரம் என்று கணக்கு எழுதிக் காசு வாங்கிவிடுவோம். வாட்சில் சேதாரம் மூலை மூலையாகப் போகும், யாரும் கணக்கு எழுத மாட்டார்கள்.

இன்னொன்று, பஞ்சுச் சக்கரம் மெத்தென்று இருப்பதால் மேடான இடத்தைத்தான் முதலில் தின்னும். கூரான விளிம்பெல்லாம் மழுங்கி, சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி ஆகிவிடும். மிஷினை உள்ளே வைத்துக்கொண்டே பஃப் அடிக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அந்தக் கடைப் படியை மறுபடி ஏறாதே. கேஸ் சூடாகும், ரூஜ் பசை சாவி ஓட்டை வழியாக உள்ளே போகும்.

சாவி_கொடுப்பவன் (வாலாஜா):

நல்லவேளை திரும்பி வந்தீர்கள். கான்ஸ்டலேஷன் 1952இல் வந்த வரிசை, உங்களுடையது தேதியோடு 60களில் வந்தது என்றால் பெரும்பாலும் 168.005 என்ற மாடல் எண்ணாக இருக்கும். பின்மூடியைத் திறந்தால் உள்பக்கம் அந்த எண் அடித்திருக்கும், 167.005 என்றால் அதில் தேதி கிடையாது. மிஷின் செம்பு நிறத்தில் அழகாக இருக்கும், பார்த்துவிட்டு ஒரு போட்டோ போடுங்கள்.

அந்த மாடலின் லக்கைப் பக்கவாட்டில் பாருங்கள், நாயின் பின்னங்கால் மாதிரி ஒரு மடிப்பு இருக்கும். அந்த மடிப்பின் விளிம்பு எவ்வளவு கூராக இருக்கிறது என்பதை வைத்துத்தான் சேகரிப்பவர்கள் விலையே பேசுகிறார்கள். டயல் ஓரம் பன்னிரண்டு பட்டையாக, கவிழ்த்து வைத்த தட்டு மாதிரி சரியும். பின்மூடி நடுவில் ஒரு தங்கப் பதக்கம், அதில் வானாய்வுக் கூடமும் எட்டு நட்சத்திரங்களும் புடைப்பாக இருக்கும். பஃப் சக்கரத்துக்கு நட்சத்திரம் ஒரு வாய்கூடக் காணாது.

அதைவிட முக்கியம், உங்களுடையது முழுத் தங்கமா, கோல்ட் கேப்பா, வெறும் முலாமா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கோல்ட் கேப் என்றால் ஸ்டீல் கேஸின் மேல் தங்கத் தகடு போர்த்தியது, பின்மூடி ஸ்டீலாகவே இருக்கும். லக்கின் அடிப்பக்கம் லென்ஸ் வைத்துப் பார்த்தால் தங்கம் முடிந்து வெள்ளை தொடங்கும் கோடு தெரியும். முலாம் என்றால் இன்னும் மோசம். பழைய சுவிஸ் கேஸ்களில் 20 மைக்ரான் என்று அடித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. அதைப் போய் பஃப்பில் வைத்தால் மூலையில் வெள்ளை பல்லிளிக்கும், அப்புறம் மறுமுலாம் போட்டாலும் பழைய நிறம் வராது. நகைக்கடை கேரட் மீட்டரில் வைத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள், அது மேல்பரப்பைத்தான் படிக்கும், முலாமாக இருந்தாலும் தங்கம் என்று காட்டி ஏமாற்றலாம். உரைகல் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

கண்ணாடிக்குப் பயப்பட வேண்டாம். அது அக்ரிலிக், பாலிவாட்ச் பசை கொஞ்சம் வைத்துப் பஞ்சுத் துணியால் பத்து நிமிடம் தேய்த்தால் சின்னக் கீறலெல்லாம் போய்விடும். மாற்றச் சொல்லாதீர்கள். ஒரிஜினல் கண்ணாடி என்றால் நடு மையத்தில் உட்புறமாகப் பொடிசாக ஒமேகா சின்னம் இருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். டயலையும் யாரும் தொட வேண்டாம். மறுபெயின்ட் அடித்த டயலுக்கு வாட்ச் ஆட்கள் மத்தியில் மும்பை ஸ்பெஷல் என்று பெயரே இருக்கிறது, பெருமையான பெயர் இல்லை.

ஆற்காட்டுப்_பயணி:

மேலே சொன்னது அத்தனையும் நான் பட்டு அனுபவித்தது. அப்பாவின் வாட்ச் ஸ்டீல் ஒமேகா சீமாஸ்டர், பின்மூடியில் கடல்குதிரை. சர்வீஸுக்குக் கொடுத்தேன், எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை, அந்த மனுஷன் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். நான் பாலிஷ் கேட்கவே இல்லை, அவரே "ஃப்ரீயாப் போட்டிருக்கேன் சார்" என்று சந்தோஷமாக நீட்டினார். எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னியது. கடல்குதிரை மண்புழு ஆகியிருந்தது. கேஸின் பக்கவாட்டில் நேர்க்கோடாக, பளபளக்காத ஒரு சாட்டின் ஃபினிஷ் இருந்தது, அதுவும் போச்சு. அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார், திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அதனால் மிஷின் சர்வீஸுக்கு எங்கே கொடுத்தாலும் ரசீதில் "பாலிஷ் வேண்டாம்" என்று எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னால் போதாது.

கோட்டை_அகழி:

எல்லாரும் சேர்ந்து தம்பியைப் பயமுறுத்த வேண்டாம். வாட்ச் கட்டுவதற்குத்தான், மியூசியத்தில் வைக்க இல்லை. பாலிஷே பாவம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பேக்டரியில் பாலிஷ் போட்டுத்தானே வெளியே வந்தது? யார் போடுகிறார்கள், எப்படிப் போடுகிறார்கள் என்பதுதான் கேள்வி. தெரிந்த ஆள் என்றால் மிஷின், டயல், கண்ணாடி, சாவி எல்லாவற்றையும் கழற்றி வெறும் கேஸைத் தனியாக எடுப்பார். மழமழப்பான பாகத்தை டேப் ஒட்டி மறைத்துவிட்டு, கோடு போட்ட பாகத்தில் அதே திசையில் எமரி ஷீட்டை (உப்புத்தாள்) இழுப்பார். தட்டையான முகத்தைத் தட்டையான லேப்பிங் தட்டில் வைப்பார், பஞ்சில் வைக்க மாட்டார். ஆழமான பள்ளம் இருந்தால் லேசர் வெல்டிங்கில் உலோகம் நிரப்பிவிட்டு அப்புறம் சமன் செய்கிறவர்களும் உண்டு. ஒமேகாவே சுவிட்சர்லாந்தில் பியல் ஊரில் பழைய வாட்சுகளுக்கென்று தனிப் பட்டறை வைத்திருக்கிறது. செலவு தாங்காது, காத்திருப்பும் நீளம், உங்கள் ஆவணிக்கு வேலைக்கு ஆகாது.

முழு ஸ்டீலாக இருந்தால் இதெல்லாம் யோசிக்கலாம். கோல்ட் கேப் என்றால் நானும் மற்றவர்கள் கட்சிதான், கழுவுவதோடு நிறுத்துங்கள். அந்தப் பச்சை பெரும்பாலும் வியர்வையும் தோல் அழுக்கும் பக்கிளின் பித்தளையும் சேர்ந்து ஊறினது. நம்ம ஊர் கத்திரி வெயிலில் தோல் ஸ்ட்ராப் கட்டினால் வேறென்ன வரும்.

காட்பாடிக்காரன்:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். சென்னையில் பழைய வாட்ச் மட்டும் பார்க்கும் ஒருவரிடம் மிஷின் சர்வீஸுக்குக் கொடுத்தேன், ரசீதில் பாலிஷ் வேண்டாம் என்று எழுதச் சொன்னதும் சிரித்துவிட்டு, "நீங்க சொல்லாட்டாலும் போட மாட்டேன்" என்றார். 168.005தான். கோல்ட் கேப்தான். ஒரு லக்கின் அடியில் ஏற்கெனவே வெள்ளைக் கோடு லேசாகத் தெரிகிறது, எப்போதோ யாரோ ஒருமுறை தேய்த்திருக்கிறார்கள், இன்னொரு தடவை தாங்காது என்றார்.

வெறும் கேஸை மட்டும் எடுத்து, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மெத்தென்ற பிரஷ்ஷாலும் பல்குச்சியாலும் என் கண் முன்னாலேயே சுத்தம் செய்தார். தண்ணீர் டீக்கடை டிக்காஷன் நிறத்துக்கு வந்தது, அவ்வளவும் தாத்தாவின் வியர்வை. பச்சை முழுக்கப் போய்விட்டது. கீறல்கள் அப்படியேதான் இருக்கின்றன, ஆனால் கேஸ் மங்கலாகத் தெரியவில்லை, மங்கல் முக்கால்வாசி அழுக்குதான் போல. எட்டு நட்சத்திரத்தையும் எண்ணிவிட்டேன். பின்மூடி உள்பக்கம் பழைய மெக்கானிக்குகள் ஊசியால் கீறி வைத்த குறிகள் நாலு இருந்தன, அதில் ஒன்று 12-78. 78 மார்கழியில் எந்தக் கடைக்குப் போனது என்று நைனாவைக் கேட்டேன், நினைவில்லை, ஆனால் அந்த வருஷம்தான் அவருக்குக் கல்யாணம்.

18 மில்லிமீட்டர் ஸ்ட்ராப் வேண்டும், கடையில் வாங்குவதைவிட ஆம்பூர் பக்கம் தோலெடுத்து யாராவது கையால் தைத்துக் கொடுப்பார்களா?

பட்டறைக்காரன்:

கிடைக்கும் தம்பி, தனியாகச் செய்தி அனுப்பு, சொல்கிறேன். உள்பக்கம் சாயம் போடாத தோலாகக் கேள், வியர்வையில் சாயம் இறங்காது. அப்புறம் நலங்கு வைக்கும்போது வாட்சைக் கழற்றி நைனா கையில் கொடுத்துவிடு, மஞ்சளும் சந்தனமும் அந்த லக் மடிப்பில் ஏறினால் மறுபடி பல்குச்சிதான்.