எஃப்டிஐஆர் எனர்ஜி பாதிக்கும் கீழே: பீம் ஸ்ப்ளிட்டரை மாற்றியே ஆக வேண்டுமா?

கடலோர லேப்:
வணக்கம். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். எங்கள் எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு ஒளியைச் செலுத்திப் பொருளை ஆராயும் கருவி) ரொம்பப் பழசு. டிடிஜிஎஸ் டிடெக்டர், ஹீலியம் நியான் லேசர், விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து எனர்ஜி, அதாவது டிடெக்டருக்கு வந்துசேரும் ஒளியின் அளவு, இறங்கிக்கொண்டே வருகிறது. அலை எண் 3000-க்கு மேல் ஒரே இரைச்சல், 1000 பக்கம் பரவாயில்லை. ஸ்கேன் ஓடுகிறது, எரர் எதுவும் இல்லை. சர்வீஸுக்கு வந்தவர் மூடியைக்கூடத் திறக்காமல், ஒளியை இரண்டாகப் பிரிக்கும் பீம் ஸ்ப்ளிட்டர் போச்சு என்று கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்தத் தொகைக்குத் துறைத்தலைவர் கையெழுத்துப் போட மாட்டார். வேறு வழி உண்டா?

ஐஆர் பித்தன்:
அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். பீம் ஸ்ப்ளிட்டர் கேபிஆர் (பொட்டாசியம் புரோமைடு) உப்பால் ஆனது. அது ஈரம் குடித்து மங்கினால், அலைநீளம் குறைந்த, அதாவது அலை எண் கூடிய ஒளிதான் முதலில் சிதறும். அதனால்தான் 3000-க்கு மேலே அடி.

ரிட்டயர்டு வாத்தியார்:
பித்தன் தம்பி சொல்வது பாதி சரி. ஒளி தரும் சோர்ஸின் சூடு குறைந்தாலும், ஒளிப்பாதையின் அலைன்மென்ட் நகர்ந்தாலும் அதே பக்கம்தான் முதலில் விழும். வளைவைப் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. லேசரைப் பற்றிக் கவலை வேண்டாம். அது செத்திருந்தால் ஸ்கேனே ஓடாது.

முதலில் சாஃப்ட்வேரில் அலைன்மென்ட் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் சாம்பிள் அறையைத் திறந்து இரண்டு பக்கமும் உள்ள ஜன்னல்களைப் பாருங்கள். பழைய மெஷின்களில் பெரும்பாலும் அவையும் கேபிஆர்தான். பீம் ஸ்ப்ளிட்டராவது உள்ளே டெசிக்கன்ட் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) காவலில் இருக்கிறது. ஜன்னலின் வெளிப்பக்கம் படுவதெல்லாம் லேப் காற்றும், குனிந்து பெல்லட் (சாம்பிள் வில்லை) வைக்கும் பிள்ளைகளின் மூச்சும். டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். நல்ல ஜன்னல் இருப்பதே தெரியாமல் தெளிவாக இருக்கும், கெட்டது மழைநாள் பஸ் கண்ணாடி மாதிரி வெளுத்துத் தெரியும்.

சந்தேகம் இருந்தால் ஏசி நன்றாக ஓடும் நேரத்தில் ஜன்னல்களைக் கழற்றி எனர்ஜி பாருங்கள். சில நிமிடம்தான், உடனே மாட்டிவிட வேண்டும். பீம் ஸ்ப்ளிட்டரை மட்டும் துணியால் துடைத்துவிடாதீர்கள். அதன் மேல் ஜெர்மானியம் பூச்சு இருக்கிறது, அது போனால் கொட்டேஷன்தான் கதி.

கடலோர லேப்:
ரொம்ப நன்றி சார். இரண்டு ஜன்னலுமே வெளுத்திருந்தன. கழற்றியதும் எனர்ஜி பழைய அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது! இன்னொன்று: டெசிக்கன்ட் டப்பாவை ராத்திரி முழுக்க 110 டிகிரி ஓவனில் வைத்தும், மெஷினில் மாட்டினால் ஈரப்பத இண்டிகேட்டர் பிங்காகவே, அதாவது ஈரம் என்றே காட்டி நிற்கிறது.

ஐஆர் பித்தன்:
அப்படியென்றால் ஜிங்க் செலினைடு ஜன்னல் போட்டுவிடுங்கள். ஈரத்துக்குப் பயமே இல்லை.

ரிட்டயர்டு வாத்தியார்:
பயம் இல்லைதான், ஆனால் அதன் ஒளிவிலகல் எண் 2.4. பூச்சு இல்லாத ஒரு ஜன்னலிலேயே சுமார் 30 சதவீதம் எதிரொளித்துப் போய்விடும். இரண்டு ஜன்னல் என்றால் பாதி வெளிச்சம் காலி. வயதான சோர்ஸை வைத்துக்கொண்டு அதைச் செய்ய மாட்டேன். கேபிஆர் ஜன்னலே வாங்குங்கள், பீம் ஸ்ப்ளிட்டர் விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

டப்பாவில் இருப்பது சிலிகா ஜெல்லா, மாலிக்யுலர் சீவா என்று மேனுவலில் பாருங்கள். ஜெல்லுக்கு 110, 120 போதும். சீவ் அதற்கு மசியாது, 250 முதல் 300 வரை வேண்டும். மணிகளைப் பீங்கான் கிண்ணத்தில் கொட்டி மஃபிள் ஃபர்னஸில் வையுங்கள், டெசிக்கேட்டரில் ஆறவிட்டு நிரப்புங்கள். ஜன்னல் மாற்றியதும் பாலிஸ்டைரீன் ஃபிலிம் ஒன்று ஓட்டி, 3060, 1601, 1028 பீக்குகள் இடத்தில் இருக்கின்றனவா பாருங்கள். முக்கியமாக, லீவிலும் மெஷினை அணைக்காதீர்கள். உள்ளே இருக்கும் அந்தக் கொஞ்சச் சூடுதான் ஈரத்தை அண்டவிடாது.

கடலோர லேப்:
டப்பாவில் சீவ்தான் சார், கெமிஸ்ட்ரி லேப் ஃபர்னஸில் வைத்துவிட்டேன். ஜன்னலுக்கு இன்டென்ட் போட்டாயிற்று. அணைக்காமல் வைப்பதுதான் கஷ்டம். சாயங்காலம் ஆனால் வாட்ச்மேன் மாடி மெயினையே இறக்கிவிடுகிறார்.

ரிட்டயர்டு வாத்தியார்:
எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி ஃப்ரிட்ஜ் ஓடும் லைனில் இருந்து இழுத்துக்கொள்ளுங்கள். அதை யாரும் இறக்க மாட்டார்கள்.