பிளாக் டைமுக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். இரண்டு ஊர்ப் பெயரைக் கொடுத்தால் தூரமும் விமான நேரமும் காட்டும் செயலி ஒன்றைத் தமிழாக்குகிறேன். சென்னை–மதுரை வான்வழியில் ஏறக்குறைய 420 கிலோமீட்டர். சக்கரம் தரையை விட்டு எழுந்து மறுபடி தரையைத் தொடும்வரை ஒரு கணக்கு. அதற்குப் 'பறப்பு நேரம்' போட்டாயிற்று. டிக்கெட்டில் வருவது வேறு கணக்கு. இங்கே சக்கரக் கட்டையை எடுத்து விமானம் நகர்ந்ததிலிருந்து அங்கே கட்டை போடும்வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் இதில் சேரும். இதுதான் பிளாக் டைம். பெட்டியில் இடைவெளியும் சேர்த்து 14 எழுத்துக்கு மேல் ஏறாது.

திருவாரூர்க்காரர்:
> சக்கரக் கட்டை
இதற்கா அல்லாடுகிறீர்கள்? அது முட்டுக்கட்டை. ஆழித்தேர் வீதி திரும்பும்போது பார்த்திருக்கிறீர்களா? கட்டையும் கையுமாகச் சக்கரத்தை ஒட்டியே வருவார்கள். சக்கரம் ஏறுவதற்குள் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். கட்டை விழுகிற வாகுக்குத்தான் தேர் திரும்பும். 'முட்டுக்கட்டை நேரம்', சுருக்கினால் 'கட்டைநேரம்'.

தமிழாசிரியை:
ஐயா, முட்டுக்கட்டை என்று பார்த்தால் விமானம் இன்றைக்குக் கிளம்பாது என்றுதான் நினைப்பார்கள். கட்டைநேரம் அதைவிட மோசம். எங்கள் பாட்டி கோபம் வந்தால் 'கட்டையில போறவனே' என்பார். விமானம் ஏறப்போகிறவரிடம் காட்டுகிற சொல்லா இது?

புலவர் ஐயா:
விமானம் என்பதை முதலில் விடுங்கள். அது கருவறைக்கு மேலே இருப்பது. 'வலவன் ஏவா வானவூர்தி', அதாவது ஓட்டுநர் செலுத்தாமலே போகும் ஊர்தி, என்று புறநானூறு 27-இல் இருக்கிறதே. தூரத்தையும் நேரத்தையும் ஏன் பிரிக்கிறீர்கள்? ஒரு நாழிகையில் நடக்கிற தூரத்தை 'நாழிகைவழி' என்றார்கள் நம் முன்னோர். நாழிகை 24 நிமிடம். நாழி என்றால் உள்ளே துளையுடையது, நீர்க்கடிகை வட்டிலும் அப்படித்தான், ஆகவே...

விமான நிலைய ஊழியர்:
வலவன் ஏவாத ஊர்தி என்றால் கட்டை போட நாங்கள் மட்டும் எதற்கு, ஐயா? பெட்டி ஏற்றுகிற தம்பிகூட பிளாக் டைம் என்றுதான் சொல்கிறான். அப்படியே விட்டுவிடுங்கள். சொல்லைவிடக் கணக்கைப் பாருங்கள். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முந்தி. இறங்கும் நேரத்திலிருந்து ஏறும் நேரத்தைக் கழித்துப் போட்டால் நாலு மணிப் பயணம் ஆறரை மணியாகிவிடும். லண்டனுக்குப் போகும்போது பெரும்பாலும் எதிர்க்காற்று, நேரம் கூடும், வரும்போது குறையும். ஒரே தூரத்துக்கு இரண்டு நேரம் காட்டினால் பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
'பறப்பு' எங்களுக்குப் பழகின சொல்தான். அதை மாற்ற வேண்டாம், அண்ணை.

திருவாரூர்க்காரர்:
சரி, கட்டை வேண்டாம். தேர் கிளம்புகிற இடமும் நிலைதான், வந்து சேர்வதும் நிலைக்குத்தான். 'நிலைக்கு நிலை: 1 மணி 15 நிமிடம்' என்று போடுங்கள்.

தமிழாசிரியை:
தேர் ஒரே நிலைக்குத்தானே திரும்பி வருகிறது? மதுரைக்குப் போய் இறங்குகிறவருக்கு எப்படிப் பொருந்தும்? 'புறப்பாடு முதல் வருகை வரை' என்றால் எல்லோருக்கும் புரியுமே.

மொழிபெயர்ப்பாளர்:
புரியும், அம்மா. பெட்டியில் ஏறாது. மணி பதினொன்று. நான்கு பேர் 'பயண நேரம்' போதும் என்று தனி மடல் போட்டிருக்கிறார்கள். அதையே அனுப்பிவிட்டேன்.

விமான நிலைய ஊழியர்:
பயண நேரம் என்றால் வீட்டுப் பூட்டைப் பூட்டியதிலிருந்தே கணக்கு வருமே, சார். தாம்பரத்திலேயே முக்கால் மணி போய்விடும்.

திருவாரூர்க்காரர்:
'பயண நேரம்' ஆறெழுத்து. 'நிலைக்கு நிலை'யும் ஆறெழுத்துதான். எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.