லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, ஸ்கிரீன் மட்டும் கறுப்பு: மதர்போர்ட் போய்விட்டதா?

தலவாக்கலை டீச்சர்
2013இல் வாங்கிய லெப்டொப், மூன்றாம் தலைமுறை ஐ3, 2 ஜிபி ரெம் (மெமரி அட்டை) இரண்டு. ஜூனில் மழை பிடித்ததிலிருந்து அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடந்தது. நேற்று தவணைப் பரீட்சைத் தாள் அடிக்கலாம் என்று எடுத்து பட்டனை அமுக்கினால் லைட் எரிகிறது, ஃபேன் நாலைந்து விநாடி சுற்றுகிறது, கெப்ஸ் லொக் லைட் விட்டு விட்டு மினுக்குகிறது, அப்புறம் தானாகவே நின்று மறுபடி சுற்றத் தொடங்குகிறது. ஸ்கிரீனில் ஒன்றுமே இல்லை. டவுனில் ஒரு கடையில் காட்டினேன். மூடியைக்கூடத் திறக்காமல் போர்ட் போய்விட்டது, 18,000 ரூபாய் ஆகும் என்றார்கள். ஐந்து வருட வினாத்தாள்கள் உள்ளே இருக்கின்றன. வீட்டில் ஏதாவது செய்து பார்க்க முடியுமா?

பண்டாரவளைப் பொடியன்
இருட்டு அறையில் ஸ்கிரீனில் டோர்ச் அடித்துப் பாருங்கள். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் பேக்லைட்தான், ஸ்கிரீனுக்குப் பின்னால் எரியும் விளக்குதான், போயிருக்கிறது. எனக்கு அப்படித்தான் ஆனது.

அட்டன் ரிப்பேர்
தம்பி, பேக்லைட் போனால் மெஷின் பாட்டுக்கு ஓடும், இப்படி நின்று நின்று சுற்றாது. டீச்சர், முதலில் வினாத்தாள் கவலையை விடுங்கள், அது ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது, போர்ட் செத்தாலும் டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி பெட்டியில் போட்டு எடுத்துவிடலாம்.

சார்ஜரைப் பிடுங்கி, பெட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை முப்பது விநாடி அமுக்கிப் பிடியுங்கள். பிறகு பெட்டரி இல்லாமல் சார்ஜரில் மட்டும் போட்டுப் பாருங்கள். வரவில்லையென்றால் மறுபடி சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அடி மூடியைத் திறந்து ரெம் இரண்டையும் எடுங்கள். இரு பக்கக் கிளிப்பையும் விரலால் வெளியே தள்ளினால் ரெம் தானாகச் சாய்ந்து எழும்பும். அதன் பொன்னிறப் பற்களைப் பாருங்கள், மங்கிப்போய் இருந்தால் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதித் தள்ளிவிட்டு, ஒன்றை மட்டும் போட்டு ஒன் பண்ணுங்கள். வராவிட்டால் மற்றதை. மழை மாதங்களில் என் மேசைக்கு வருவதில் பாதி இந்தக் கதைதான், மூடுபனி ஈரம் பற்களில் படிந்து தொடுப்பு விட்டுப்போகிறது. காய வைக்கிறேன் என்று விறகடுப்புப் பக்கம் மட்டும் வைத்துவிடாதீர்கள். போன வருடம் ஒருவர் கீபோர்டை உருக்கிக்கொண்டு வந்தார்.

பண்டாரவளைப் பொடியன்
சரி அண்ணே. எங்கள் பக்கம் இந்த மாதங்களில் காய்ந்த காற்று, ஈரம் நினைவுக்கே வரவில்லை.

தலவாக்கலை டீச்சர்
அண்ணே, படம் வந்துவிட்டது! ஒரு ரெம்மின் ஓரத்தில் பச்சையாகப் பாசி மாதிரி இருந்தது, அதைப் போட்டால் பழையபடி கறுப்பு, மற்றதை மட்டும் போட்டால் வருகிறது. ஆனால் இப்போது ‘பூட் டிவைஸ் இல்லை’, அதாவது விண்டோஸைத் தொடங்க டிஸ்க் கிடைக்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்கிறது. பயோஸில், அதுதான் விண்டோஸுக்கு முன்னால் வரும் செட்டிங் பக்கத்தில், போய்ப் பார்த்தால் தேதி 2012 ஜனவரி 1. டிஸ்க்கும் போய்விட்டதா?

அட்டன் ரிப்பேர்
தேதியே சொல்கிறதே, உள்ளே இருக்கும் காசு மாதிரி சின்ன பெட்டரி தீர்ந்திருக்கிறது. அது தீர்ந்தால் பயோஸ் கம்பெனியில் போட்ட செட்டிங்குக்குப் போய்விடும். உங்கள் விண்டோஸ் லெகசி என்ற பழைய பூட் முறையில் போட்டதாக இருக்கும், பயோஸ் இப்போது யூஈஎஃப்ஐ என்ற புதிய முறையில் தேடுகிறது. டிஸ்க் பெயர் பயோஸில் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் பூட் மோடை லெகசி என்று மாற்றி, தேதியையும் சரிசெய்து சேவ் பண்ணுங்கள். தேதி பிழையாக இருந்தால் நெட்டில் பாதிப் பக்கங்கள் திறக்காது. பெட்டரி சிஆர்2032, 3 வோல்ட், சில மாடலில் வயரோடு வரும், பழையதைக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். மாற்றும் வரை கரண்ட் போனால் இதே கூத்து திரும்ப வரலாம்.

தலவாக்கலை டீச்சர்
லெகசி என்று மாற்றினேன், விண்டோஸ் வந்தது, தாள்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. முதல் வேலையாகப் பென் டிரைவில் போட்டுவிட்டேன். இப்போது 2 ஜிபியில் ஓடுகிறது, ஒரு ஃபைலைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போய் பிளேன்டி ஊற்றிக்கொண்டு வந்தால் சரியாக இருக்கிறது. அந்தப் பச்சை ரெம்மை இன்னொரு தடவை தேய்த்துப் பார்க்கவா அண்ணே?

அட்டன் ரிப்பேர்
பல் அரித்துவிட்டது, விடுங்கள். டிடிஆர்3 லெப்டொப் ரெம், 4 ஜிபி, பழையதே போதும்.