பிரத்தியேகச் செயலாளர் பணிக்கு எவ்வாறு ஆயத்தமாவது?

முள்ளியவளை மாணவி:
வணக்கம். உயர்தரத்தில் கலைப்பிரிவில் சித்தியடைந்தவள் நான். அண்மையில் கிளிநொச்சியில் ஒரு நிறுவனப் பணிப்பாளரின் பிரத்தியேகச் செயலாளர் பதவிக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத் தேர்வில் ஒரு கூட்டத்தின் ஒலிப்பதிவைத் தந்து, அரைமணி நேரத்துக்குள் கூட்டறிக்கை எழுதச் சொன்னார்கள். பேசியவர்கள் சொன்ன அனைத்தையும் எழுதிக்கொண்டே போனதால் பாதியிலேயே நேரம் முடிந்துவிட்டது. கணினிச் சான்றிதழ் ஒன்று கைவசம் உண்டு. இனி எதைப் பயில வேண்டும், சுருக்கெழுத்தும் அவசியமா என்று அறியத் தாருங்கள்.

கரைச்சி அக்கா:
தங்கச்சி, கூட்டறிக்கை என்பது பேச்சின் பிரதியன்று. என்ன முடிவு எடுக்கப்பட்டது, அதை யார் செய்வது, எந்தத் திகதிக்குள் செய்வது என்ற மூன்றும் இருந்தால் போதும். உங்கள் ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் செயலாளர் பொறுப்பை யாரும் விரும்பி ஏற்கமாட்டார்கள். நீங்கள் கேட்டு வாங்குங்கள். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசும் அந்தக் கூட்டத்தை ஒரு பக்கத்தில் அடக்கப் பழகியவருக்கு எந்தப் பணிப்பாளர் சபையும் சிரமமாகத் தோன்றாது.

நாட்குறிப்பு விடயத்தில் நான் விட்ட பிழையையும் சொல்கிறேன். இலண்டனில் காலை 10 மணிக்கு நடக்கும் மாதாந்தக் கூட்டத்தை, நமது நேரம் பிற்பகல் 3.30 என்று ஆண்டு முழுவதற்கும் குறித்துவைத்தேன். மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னகர்த்துவார்கள் என்பதும், அதன்பின் அக்கூட்டம் நமக்கு 2.30க்கே தொடங்கிவிடும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. ஏப்ரலில் எங்கள் பணிப்பாளர் கோவையும் கையுமாக வந்தமர்ந்தபோது அங்கே நன்றியுரை நடந்துகொண்டிருந்தது.

வவுனியா ஓய்வூதியர்:
மகள், சுருக்கெழுத்தால் சம்பளம் பெற்றவன் நான்; ஆயினும் இன்று தனியார் அலுவலகங்களில் அதைக் கேட்பவர் அரிது. அந்த நேரத்தைச் சிங்களத்துக்குக் கொடுங்கள். கொழும்பிலிருந்து வரும் கடிதத்தை வாசித்து, அது எதைக் கேட்கிறது என்று இரண்டு வரியில் தமிழில் எழுதிக் கொடுப்பவரை எந்த மேலதிகாரியும் இழக்க விரும்பமாட்டார்.

அடுத்தது, பாமினி எழுத்துரு. அதில் தட்டச்சிட்ட கடிதத்தை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே தெரியும். பழகிய பாமினி விசைமுறையிலேயே எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் ஒருங்குறியில் (யுனிகோட்) எழுதும் மென்பொருள்கள் இருப்பதால், விரல்களை மீண்டும் பழக்கத் தேவையில்லை. சான்றிதழ் என்றால் தேசிய தொழில் தகைமையில் மூன்றாம் அல்லது நான்காம் மட்டத்துக்கு முயலுங்கள். வேலையிலே கற்றதை மதிப்பிட்டும் அதை வழங்குவார்கள் என்பதால், வேலை கிடைத்த பின்னரும் பெறலாம்.

முள்ளியவளை மாணவி:
இருவருக்கும் நன்றி. பணிப்பாளர் எங்கே என்று தொலைபேசியில் ஒருவர் விசாரித்தால் என்ன சொல்வீர்கள் என்றும் கேட்டார்கள். கொழும்புக்குப் போயிருக்கிறார் என்பேன் என்றேன். அது பிழையா?

கரைச்சி அக்கா:
பிழைதான். அவர் இப்போது அலுவலகத்தில் இல்லை, உங்கள் பெயரையும் விடயத்தையும் தந்தால் அறிவிக்கிறேன் என்பதோடு நிறுத்த வேண்டும். கொழும்புக்குப் போனார் என்று நீங்கள் சொன்னால், எந்த நிதிக்காகப் போனார் என்பதை மாலைக்குள் சந்தையில் சொல்லிவிடுவார்கள்.