ஒரு பாடம் மட்டும் ‘ஈ’ (E, பெயில்), மேன்முறையீடு எப்படிச் செய்யிறது? அவசரம்

வன்னிப்பிள்ளை:
பெறுபேறு போட்டிட்டாங்கள். எல்லாம் பாஸ், ஒரு பாடம் மட்டும் ஈ. நல்லா எழுதின பாடம். திருப்பித் திருத்தச் சொல்லி எங்க கேக்கிறது? கெதியாச் சொல்லுங்கோ.

குளக்கட்டு:
எந்தப் பல்கலை, எந்தப் பீடம்? உள்வாரியோ வெளிவாரியோ? வவுனியாப் பல்கலைக்கு ஒரு நடைமுறை, கிளிநொச்சி அறிவியல் நகரில இருக்கிற யாழ். பல்கலைப் பீடங்களுக்கு இன்னொண்டு. தொடர் மதிப்பீட்டுப் புள்ளி (ஒப்படை மாதிரி வருசத்துக்குள்ள போடுறது) எவ்வளவு? பெறுபேற்றுத் தாளின்ர அடியில ‘மூதவையின் அங்கீகாரத்துக்கு உட்பட்டது’ எண்டு இருக்கோ? மூதவை எண்டது பல்கலையின்ர செனற்.

மூத்தவன்:
தம்பி, மாணவர் கையேட்டைத் திறந்து பாத்திருந்தா இந்தக் கேள்வியே வராது. மீள்பரிசீலனையில பெரும்பாலும் ஒருத்தரும் புதுசாப் புள்ளி போடமாட்டினம். எல்லா விடைக்கும் புள்ளி விழுந்திருக்கோ, கூட்டல் சரியோ, விடைப்புத்தக முகப்பில இருந்து புள்ளிப் பட்டியலுக்குச் சரியா ஏறியிருக்கோ எண்டுதான் பாப்பினம். படிவம் பரீட்சைக் கிளையிலயோ பீட அலுவலகத்திலயோ எடுக்கலாம். கட்டணம் பாடத்துக்குப் பாடம். பற்றுச்சீட்டை இணைக்க முன்னம் நகல் எடுங்கோ. கெடு பெறுபேறு வெளியான நாளில இருந்து எண்ணுவினம், நீங்கள் பாத்த நாளில இருந்து இல்லை.

வன்னிப்பிள்ளை:
உள்வாரி, இரண்டாம் வருசம். பல்கலை பேர் வேண்டாம். அடியில அப்பிடித்தான் இருக்கு.

பம்பைமடுச் சந்தி:
இது மேலதிகத் தாள் பிரச்சினைதான். விடைப்புத்தகம் முடிஞ்சு வேற தாள் வாங்கி நூலால கட்டினனீங்களோ? அதில சுட்டெண்ணும் வினா இலக்கமும் போட்டனீங்களோ? கடைசித் தாளைத் திருத்துறவர் கவனிக்காட்டி, முகப்பில அந்த வினாவுக்கு நேரே பெட்டி வெறுமையாக் கிடக்கும். விண்ணப்பத்தில ‘நன்றாக எழுதினேன்’ எண்டு எழுதிப் பிரயோசனமில்லை. ‘வினா 5 (ஆ) மேலதிகத் தாளில் உள்ளது, புள்ளியிடப்பட்டுள்ளதா எனச் சரிபார்க்கவும்’ எண்டு எழுதுங்கோ.

குளக்கட்டு:
எனக்குத் தொடர் மதிப்பீட்டிலதான் சந்தேகம். இறுதிப் பரீட்சைக்கு 60 வீதம், மதிப்பீட்டுக்கு 40 வீதம் எண்டு வையுங்கோ. பரீட்சையில 100க்கு 55 எடுத்தாலும் மொத்தத்தில 33தான் சேரும். ஒப்படைப் புள்ளி ஏறாமல் விட்டால் பாடம் போச்சு. சில பீடங்களில இரண்டுக்கும் தனித்தனிக் குறைந்தபட்சப் புள்ளியும் இருக்கு. இதை விடைத்தாளில தேடிப் பிடிக்கேலாது. பாடம் படிப்பிச்ச விரிவுரையாளரிட்டப் பட்டியலைக் கேட்டுப் பாத்திட்டு, துறைத்தலைவருக்குத் தனியாக் கடிதம் குடுங்கோ. மூதவை அங்கீகரிக்க முன்னம் திருத்திறது லேசு.

சட்டம்பி:
ஏன் இவ்வளவு அலைச்சல்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில விடைத்தாள் நகலையே கேக்கலாம். 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லவேணும்.

மூத்தவன்:
2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 5ஆம் பிரிவை முழுசா வாசிச்சிட்டு வாங்கோ. உயர்கல்வி நிறுவனம் நடத்துற பரீட்சையின்ர இரகசிய விசயங்களுக்கு விலக்கு இருக்கு.

சட்டம்பி:
இரகசியமானதுக்கு மட்டும்தான் விலக்கு. ஒரு மாணவருக்குத் தன்ர புள்ளி எப்பிடி இரகசியமாகும்? மறுத்தால் 14 நாளுக்குள்ள குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுக்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

மூத்தவன்:
ஆணைக்குழு முடிவு சொல்ல முன்னம் பிள்ளை மூண்டாம் வருசம் முடிச்சிடும்.

குளக்கட்டு:
சண்டையை வேற இழையில வையுங்கோ. சட்டத்தில கேக்கிறதெண்டாலும் மீள்பரிசீலனைப் படிவம் முதல்ல போகவேணும், கெடு ஆருக்கும் நிக்காது. முல்லைத்தீவு, துணுக்காய்ப் பக்கமெண்டா பதிவுத் தபாலை நம்பிக் கடைசி நாள்மட்டும் இருக்காதேங்கோ. இன்னொண்டு, மீள எழுதுறதுக்கும் இப்பவே பதியுங்கோ. மீள்பரிசீலனை முடிவு வரமுன்னம் அந்தப் பதிவு மூடினால் ஒரு வருசம் போயிடும். மீள எழுதினால் பெரும்பாலும் ‘சி’க்கு மேல கிடையாது, வகுப்புச் சித்தியும் அடிபடலாம். அதாலதான் இரண்டையும் விடக்கூடாது.

வன்னிப்பிள்ளை:
துறைக்குப் போனன். இரண்டாவது ஒப்படைப் புள்ளி பட்டியலில இல்லை. கடிதம் குடுத்தாச்சு. நன்றி.

குளக்கட்டு:
கடிதத்தின்ர நகலில திகதி முத்திரை வாங்கினீங்களோ? ஒப்படை குடுத்ததுக்கு ஆதாரம் இணைச்சதோ? மீள்பரிசீலனைப் படிவமும் போட்டாச்சோ?