சிங்கப்பூர் – நியூயார்க்: நடுவில் வந்து போன அந்தப் பகல்

சிராங்கூன்வாசி:
மே 16 எங்கள் திருமண நாள். பெட்டி எடை விஷயத்தில் சண்டை போட்டு, வாழ்த்துக்கூடச் சொல்லிக்கொள்ளாமல் இரவு பதினொன்றரைக்குப் புறப்பட்டோம். நியூயார்க்கை ஒட்டிய நியூவார்க்கில் இறங்கும்போது 17ஆம் தேதி காலை ஆறு. கடிகாரத்தைப் பார்த்தால் ஓர் இரவுப் பயணம்தான். ஆனால் உள்ளே பதினெட்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஜப்பானை நெருங்கும்போது விடிந்தது, வெயில் ஏறியது, கனடாவுக்கு மேல் அஸ்தமித்தது.

கிழக்கே போகிறவர்களுக்குத் தேதியை ஒரு நாள் பின்னே தள்ளுகிற தேதிக்கோட்டைப் பசிபிக்கில் கடந்ததும் எனக்குப் பொறி தட்டியது: இப்போது மறுபடியும் 16! மனைவியை எழுப்பி வாழ்த்துச் சொன்னேன். "எந்த ஊர் மணிக்கு?" என்று கேட்டுவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டாள். அந்த வாழ்த்து இன்றுவரை கணக்கில் ஏறவில்லை.

ஜன்னலோரம்:
தேதிக்கோடு இருக்கட்டும், தூரத்தைப் பாருங்கள். இரண்டு ஊருக்கும் குறுக்கு வழி சுமார் 15,300 கி.மீ.; அது வடதுருவத்தை ஒட்டிப் போகிறது. நீங்கள் போனது பசிபிக் வழி. தூரம் கூடுதல், ஆனால் பின்காற்று தள்ளிவிடும். டெல்லி – சான்பிரான்சிஸ்கோ விமானத்தை 2016இல் பசிபிக் பக்கம் திருப்பியதும் இதே கணக்கில்தான்.

நான் போனபோது திரையில் விமானம் ஜப்பான் பக்கம் நகர்வதைப் பார்த்த பக்கத்துப் பெரியவர், "தம்பி, அமெரிக்கா மேற்கில்தானே? வழி தவறிவிட்டார்களா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் விளக்கி முடிக்கும்வரை விடவில்லை. விளக்கியபின் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

தஞ்சோங்காரி:
தேதிக்கோட்டை அப்படிச் சுலபமாக ஒதுக்காதீர்கள். 2019 ரமலானில் நோன்போடு போனேன். பயணிக்குச் சலுகை உண்டு, தெரியும், மனம் கேட்கவில்லை. கிழக்கே பறந்ததால் பகல் சுருங்கிவிட்டது. ஊரில் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிற நோன்பு, பத்து மணி நேரம்கூட ஆகவில்லை. கீழே தரை இருட்டிவிட்டது, ஜன்னலில் மட்டும் சிவப்பாக ஒரு நூல். பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நூல் அறுவதற்காகக் காத்திருந்தேன். கையெல்லாம் பிசுபிசுத்துவிட்டது. உயரத்தில் சூரியன் தாமதமாகத்தான் மறையும். துபாய் புர்ஜ் கலீஃபாவில் 80 முதல் 150ஆம் மாடிவரை இருப்பவர்கள் இரண்டு நிமிடம் பொறுத்து நோன்பு திறக்கிறார்கள். அப்படியும் குறைந்த நேர நோன்பு என்ற உறுத்தல் போகவில்லை.

நடைப்பயிற்சியாளர்:
எனக்கு இறங்கும்போது கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை, அவ்வளவுதான். ஆனால் யாரும் முக்கியமானதைச் சொல்லவில்லை. அழுத்தக் காலுறை போடுங்கள். கால்மேல் கால் போடாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். உட்கார்ந்தபடியே குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள், மதுவைத் தவிருங்கள். இன்சுலின் போடுபவர்கள் எந்த ஊர் மணிக்குப் போடுவது என்று புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை கைப்பையில்தான் இருக்க வேண்டும். அந்த விமானத்தில் சாதாரண வகுப்பே கிடையாது, மொத்தம் 161 இருக்கைதான். அதனால் கால் நீட்ட இடம் உண்டு என்று ஏமாறாதீர்கள், என் கால் வீங்கியது அதில்தான்.

சிராங்கூன்வாசி:
காலுறைக்கு நன்றி, நான் கேட்கவில்லை. மனைவியிடம் இதையெல்லாம் காட்டினேன். அன்றைக்கு நான் எழுப்பியது வாழ்த்துச் சொல்லவா, ஜன்னல் திரையை மூடச் சொல்லவா என்று கேட்கிறாள்.